மூணு கடையிலும் அதே பச்சைச் சேலை

அந்தா, வந்துட்டா. மூணாவது தடவை. பொம்மைக் கடையில பாத்தேன், யாரோன்னு விட்டேன். வளையல் கடையில எனக்குப் பொறத்தால நின்னு பாசிமணி பாத்தா, சரி, ஞாயித்துக்கிழமை வண்ணார்பேட்டைக்கு வாரவ எல்லாக் கடையிலயும்தான் ஏறி இறங்குவான்னு அதையும் விட்டேன். இப்ப ஜவுளிக் கடை ரெண்டாவது மாடி, சின்னப் புள்ளைக உடுப்புப் பக்கம், அதே பச்சைச் சேலை, அதே தோள்பை. ஒரு கவுனைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுக்கிட்டு, கவுனைப் பாக்காம கவுனுக்கு மேலால என் பேரப்புள்ளைகளைப் பாக்கா. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? யாருகிட்ட! முப்பத்திரண்டு வருஷம் முத்திரை ஆய்வாளரா இருந்தவன் நான். எடைக்கல்லுக்கு அடியில ஈயத்தைச் சுரண்டினவன், தராசுத் தட்டுக்கு அடியில புளியை ஒட்டினவன், மீட்டர் கோல்ல அரை இஞ்ச் அறுத்தவன், அத்தனை பேரையும் மூஞ்சியை வச்சே பிடிச்சவன். அனவரதம் வாரான்னு ஒரு சத்தம் கேட்டா டவுன்ல பாதிக் கடை ஷட்டர் இறங்கும். ரிட்டயர் ஆகி ஒம்பது வருஷம் ஆச்சு, இருக்கட்டும், கண்ணு ரிட்டயர் ஆகலை. இடது கையில ஆவுடையோட மணிக்கட்டு, வலது கையில மிருதுளாவோட பாவாடை ஓரம், ரெண்டையும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். "தாத்தா, கை வலிக்கி"ன்னான் ஆவுடை. வலிக்கட்டும்ல. நாலு வயசுப் பயலுக்கு இங்க நடக்கது என்ன தெரியும்?

வியாழக்கிழமை லிங்கம் போன் பண்ணினப்பவே எனக்குத் தட்டிட்டு. லிங்கம் என் மருமகன். "மாமா, ஞாயித்துக்கிழமை புள்ளைகளை நீங்களே கடைக்குக் கூட்டிட்டுப் போங்களேன், நல்ல உடுப்பா ரெண்டு எடுத்துக் குடுங்க"ன்னான். ரெண்டு வருஷமா புள்ளைகளைத் தனியா என்கூட முக்கு வரைக்கும் அனுப்ப மாட்டான், உங்களுக்குப் பிரஷர் இருக்கு மாமா, ரோட்டுல ஆட்டோக்காரன் ஒரு மாதிரி வாரான் மாமான்னு ஆயிரம் சொல்லுவான். அவனுக்குத் திடீர்னு என்ன தாராளம்? அதோட விடலை. "பதினோரு மணிக்கு மேல ரெண்டாவது மாடிக்குப் போங்க, அப்பதான் கூட்டம் இருக்காது"ங்கான். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம் இருக்காதாம்! பொய் சொல்லத் தெரியாத பயலுக்குப் பொய் எதுக்கு? காலையில வீட்டுல என் பொண்டாட்டி சொர்ணம் வெள்ளைச் சட்டையைத் தேச்சு வச்சிருக்கா. "ஷேவ் பண்ணிட்டுப் போங்க, நாலு நாள் தாடியோட பிச்சைக்காரன் மாதிரி போகாதீக"ங்கா. நாப்பத்தஞ்சு வருஷத்துல என் தாடியைப் பத்தி அவ வாயைத் திறந்ததில்லை. நான் கடைக்குள்ள நுழைஞ்சா மீட்டர் கோலை வாங்கி அளந்து பாக்காம வரமாட்டேன், அந்த வெக்கத்துக்காகவே என்கூட ஜவுளிக் கடைக்கு வாரதை விட்டவ அவ. "இன்னைக்காவது கடைக்காரன்கிட்ட வம்புக்கு நிக்காதீக"ன்னு ரெண்டு தடவை சொல்லி அனுப்புதா. லிங்கம் புள்ளைகளைக் கொண்டாந்து விட்டான் பாருங்க, மிருதுளா பட்டுப்பாவாடை, தலையில பிச்சிப்பூ, ஆவுடைக்கு எண்ணெய் வழிய வகிடு. துணி எடுக்கப் போற புள்ளைக்கு யாராவது பட்டுப்பாவாடை கட்டி விடுவாகளா? போட்டுப் பாத்துக் கழட்ட லேசா ஏதாவது மாட்டித்தான் அனுப்புவாக. எங்க டிபார்ட்மெண்டுல சோதனைக் கொள்முதல்னு ஒண்ணு உண்டு. சந்தேகப்பட்ட கடைக்கு நம்ம ஆளு ஒருத்தன் சும்மா சாமான் வாங்குறவன் மாதிரிப் போவான், இன்னொருத்தன் தள்ளி நின்னு பாத்துக்கிட்டே இருப்பான், கடைக்காரனுக்கு எதுவுமே தெரியாது. நான் நூறு நடத்தியிருக்கேன். இது நூத்தி ஒண்ணு. இந்தத் தடவை கடைக்காரன் இடத்துல என்னைய நிப்பாட்டியிருக்காக.

என்ன சோதனைன்னும் தெரியும். லிங்கத்துக்கு ரெண்டாம் கல்யாணம். என்கிட்ட ஒருத்தரும் சொல்லலை. ஆனா நான் ரூமுக்குள்ள நுழைஞ்சா சொர்ணம் போனை வைக்கா, கேட்டா காஸ்காரன்னு சொல்லுதா. காஸ்காரன்கிட்ட யாராவது "புள்ளைக பாவம்லா"ன்னு சொல்லுவாகளா? அந்தக் காலத்துலேயே இந்தப் பழக்கம் உண்டு, பொண்ணு வீட்டுல போய் உக்காந்தா வேண்டாம்னு சொல்ல முடியாதுன்னு நெல்லையப்பர் கோயில்ல பிரகாரம் சுத்துற மாதிரி சுத்திப் பொண்ணைப் பாத்துட்டு வந்திருவாக, இல்லைன்னா ஜவுளிக் கடையில. ரெண்டாந்தாரத்துக்கு வாரவ அப்ப யாரைப் பாப்பா? புள்ளைகளைப் பாப்பா. சமாளிக்க முடியுமா, அடம் பிடிக்குமா, சோறு ஊட்டணுமா தானா திங்குமான்னு எடை போட வந்திருக்கா பச்சைச் சேலைக்காரி. நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல, மக உலகுக்கு மாப்பிள்ளை பாத்தப்ப நானும் அதைத்தான் செஞ்சேன். உலகம்மை என் ஒரே பொண்ணு. லிங்கத்தோட அப்பாவுக்குப் பாளையங்கோட்டையில இரும்புக் கடை. ஜாதகம் பொருந்திட்டுன்னு சொர்ணம் குதிச்சா. ஜாதகம் கிடக்கட்டும், பயலோட தராசைப் பாக்கணும்னேன். தெரிஞ்ச கொத்தனாரை அனுப்பி, லிங்கம் தனியா கடையில இருக்கப்போ ரெண்டு கிலோ ஆணி வாங்கிட்டு வரச் சொல்லி, வீட்டுல என் தராசுல போட்டுப் பாத்தா ரெண்டு கிலோவுக்கு மேல ஒரு கை ஆணி கூடக் கிடக்கு. ஏமாளிப் பயன்னா சொர்ணம். கட்டிக் குடுடி, இவன் என் புள்ளைக்கு ஒரு நாளும் குறைச்சு அளக்க மாட்டான்னேன். உலகு விழுந்து விழுந்து சிரிச்சா. "ஏப்பா, ஊருல எல்லாரும் பொருத்தம் பாப்பாக, நீங்க ஆணியை நிறுத்தா மாப்பிள்ளை பாத்தீக"ன்னா. அந்தச் சிரிப்பு. ஒரு பக்கம் பல்லு மேல ஏறியிருக்கும், அது தெரியும். மிருதுளாவுக்கு இப்ப முளைக்கிற பல்லும் அப்படித்தான் முளைக்கி. ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு வியாழக்கிழமை உலகுக்குக் காய்ச்சல், டெங்குன்னாக, திங்கக்கிழமை அவ இல்லை. ரெண்டே வரி. ஒரு மனுஷி கதை ரெண்டு வரியில முடியும்னா அப்புறம் என்ன எழவுக்கு இத்தனை வருஷம் வளத்தோம்?

அவன் கட்டக் கூடாதுன்னு நான் சொல்லலை. முப்பத்தொம்பது வயசு, ரெண்டு சின்னஞ்சிறுசு, காலையில எந்திரிச்சு இட்லி அவிச்சு, சடை பின்னத் தெரியாம யூடியூப்பைப் பாத்துப் பின்னி விடுதான். கட்டக் கூடாதுன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். ஆனா கட்டின பொறவு என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும்லா. எங்க ஆபீஸ் டைப்பிஸ்ட் ஞானதிரவியத்துக்கு நடந்துச்சு. மக போயிட்டா, மருமகன் வேற கட்டினான். முதல்ல வாரா வாரம் பேரப்புள்ளைக வரும், பொறவு மாசத்துக்கு ஒருக்க, பொறவு கிறிஸ்மஸுக்கு மட்டும், பொறவு பரீட்சை தாத்தா, டியூசன் தாத்தா. ஹால்ல இருந்த மகளோட படம் உள்ரூமுக்குப் போச்சு, உள்ரூம்லருந்து பரணுக்குப் போச்சு. யாரும் கெட்டவிய இல்ல, எல்லாரும் நல்லவிய, நல்லவிய சேந்துதான் இப்படிச் செய்யுதாக. போன வருஷம் ஜங்ஷன்ல பேரனைப் பாத்துட்டு ஓடிப்போய்க் கையைப் பிடிச்சிருக்காரு ஞானதிரவியம். பையன் அவரைப் பாத்து "அங்கிள், வழி விடுங்க"ன்னுருக்கான். என்கிட்ட அதைச் சொல்லிட்டுச் சிரிச்சாரு மனுஷன், சிரிச்சுக்கிட்டே டீ கிளாஸைத் தரையில வச்சிட்டு வேட்டியால மூஞ்சியைத் துடைச்சாரு. எனக்குப் பயமா இருக்கு. சொல்லுதுக்கு என்ன வெக்கம், பயமாத்தான் இருக்கு. ஆவுடைக்கு எங்க அப்பா பேரைத்தான் வச்சோம், ஆவுடையப்பன்னு. இவன் என்னைய அங்கிள்னு கூப்பிட்டா நான் உசுரோட இருந்து என்ன செய்ய?

"ஐயா, பாப்பாவுக்கா தம்பிக்கா?"ன்னு கடைப் பொண்ணு வந்து நிக்கா. ரெண்டு பேருக்கும்தான், நீ எடுத்துப் போடு. மடிச்ச துணியை விரிச்சு விரிச்சுப் போடுதா, புதுத்துணிக் கஞ்சி வாசம் மூக்குல ஏறுது, ஏசிக் காத்து நேரா என் வழுக்கைமேலயே அடிக்கி. எங்க திரும்பினாலும் கண்ணாடி. கண்ணாடிக்குள்ள ஷேவ் பண்ணின கிழவன் ஒருத்தன் ரெண்டு புள்ளைகளைத் திருடிக்கிட்டுப் போறவன் மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்கான், அட, அது நாந்தான். கண்ணாடியிலயே பாக்கேன், பச்சைச் சேலை ஒரு வரிசை தள்ளி வந்திருக்கா. நாப்பது இருக்குமா? கழுத்துல தாலி கிடக்கான்னு பாக்கணும், தலைப்பை இழுத்து மூடியிருக்கா, தெரியலை. மூடுவாள்ல, ஏன் மூட மாட்டா. ஆவுடை யானைப் படம் போட்ட சட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கான். மிருதுளா ஒண்ணையும் தொடலை. எட்டு வயசுப் புள்ளை, கடைக்கு வந்தா பம்பரமாச் சுத்துவா, இன்னைக்கு என் முகத்தையே பாக்கா. "தாத்தா, அந்தப் பக்கம் போவோமா?"ங்கா. அந்தப் பக்கம் என்னட்டி இருக்கு? துணி போட்டுப் பாக்குற அறை, அதுக்கு வெளிய ஒரு ஸ்டூல்ல யாரோ ஒருத்தி மடியில பையை வச்சுக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராம, கையிலருந்த துணியில பிரிஞ்ச நூலை இழுத்துக்கிட்டு இருக்கா. உள்ள அவ புள்ளை உடுப்பு மாத்துது போல. அங்க ஒண்ணும் இல்ல, இங்கனயே நில்லு. "இல்ல தாத்தா, சும்மா போவோம்." சும்மாவா? இந்தப் புள்ளைக்கும் எதோ தெரியும். இவளையும் சேத்திருக்கானா லிங்கம்? எட்டு வயசுப் புள்ளைகிட்ட ஒரு ரகசியத்தைக் குடுத்துத் தாத்தாகிட்ட சொல்லாதன்னு சொல்லியிருப்பானா? நெஞ்சு அடிக்கி. பிரஷர் மாத்திரை போட்டேனா காலையில? போட்டேன், சொர்ணம் கையில குடுத்தா. இல்ல, அது நேத்தா?

அந்த நேரத்துல பச்சைச் சேலை என்ன செஞ்சாங்கீக, குனிஞ்சு ஆவுடை கன்னத்தைத் தொட்டு, "தம்பி பேரு என்ன? அம்மா எங்க?"ன்னு கேட்டா. அம்மா எங்கன்னு கேக்கா! என் பொண்ணு எடத்துக்கு வரப் போறவ என் பேரன்கிட்டயே அம்மா எங்கன்னு கேட்டு ஆழம் பாக்கா! பய உதட்டைப் பிதுக்கிட்டு என் வேட்டிக்குள்ள மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டான். எனக்குத் தலைக்கு ஏறிட்டு. சொர்ணம் சொன்னது, வம்புக்கு நிக்காதீகன்னது, எல்லாம் காத்துல போச்சு. ஆனா நான் கத்தலை, கத்துனா அவ ஜெயிச்சிருவா. சரக்கு மட்டம்னு தெரிஞ்சா வாங்க வந்தவ தன்னால போயிருவா, அதான் வழின்னு தோணிட்டு. சிரிச்ச முகமா, "இதுகளா? இதுக சரியான வானரம்மா, சொன்ன பேச்சு கேக்காததுக"ன்னு ஆரம்பிச்சேன். "இந்தப் பய இன்னும் படுக்கையில மோண்டிருதான், தினம் ரெண்டு தடவை பாய் அலசணும். அந்தப் புள்ளை இருக்கே, அது கடிக்கும். பள்ளிக்கூடத்துல ரெண்டு டீச்சரைக் கடிச்சு வச்சிட்டு. சோறு திங்காது, திங்க வச்சா கக்கிரும். ராத்திரி கத்தும். யாரு வந்தாலும் ஒரு வாரம் தாக்குப் பிடிக்க மாட்டாக, எழுதி வச்சுக்கோங்க. எங்கயாவது தள்ளி விட்டுட்டா நிம்மதின்னுதான் நானே அலையுதேன்." சொல்லிக்கிட்டே இருக்கேன், வாய் நிக்க மாட்டேங்கு, பொய்யை அளக்க ஆரம்பிச்சா கோலுக்கு நீளம் பத்தலை. ஒத்தைப் பொய்கூடச் சொல்லாதவன்னு பேரு வாங்கினவன் நான். பாவாடை ஓரம் என் கையிலருந்து நழுவுச்சு. திரும்பிப் பாத்தா மிருதுளா ரெண்டடி தள்ளி நிக்கா, கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்கி, கீழ விழலை. "நான் யாரைக் கடிச்சேன்?"னு அவ கேக்கலை, கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பச்சைச் சேலைக்காரி முகம் மாறிட்டு. நான் நினைச்ச மாதிரி மாறலை. பயந்து போவான்னு பாத்தா, ஓரடி முன்னால வாரா. "தள்ளி விடணும்னா? எங்க தள்ளி விடப் போறீரு?"ன்னா. "பொம்மைக் கடையிலருந்து உம்மைப் பாத்துக்கிட்டுத்தான் வாரேன். ஒரு கடையிலயும் ஒண்ணும் வாங்கலை. பையன் கை வலிக்கின்னு சொல்லச் சொல்ல இழுத்துக்கிட்டுத் திரியுதீரு. சுத்திச் சுத்தித் திருட்டு முழி முழிக்கீரு. இந்தப் புள்ளைக உமக்கு என்ன வேணும்?" கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாப் போச்சு. என்னையவா? புள்ளை பிடிக்கிறவன்னு என்னையவா சொல்லுதா? வாட்சப்புல வாரதையெல்லாம் படிச்சிட்டு இவ மூணு கடையா என் பொறத்தால வந்திருக்கா! "ஏம்மா, நான் தாத்தாம்மா, பேரப்புள்ளைகம்மா." "சொந்தத் தாத்தா இப்படியா பேசுவாரு? எந்தத் தாத்தா தன் பேத்தி ஆளைக் கடிக்கும்பாரு?" நியாயமான கேள்வி. சத்தம் கேட்டு அஞ்சாறு பொம்பளைக கூடிட்டாக, கீழயிருந்து வாட்ச்மேன் மூச்சு வாங்க ஏறி வந்து என் முழங்கையைப் பிடிக்கான். முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவனைப் பிடிச்ச கை இது, இப்ப எவனோ இதைப் பிடிக்கான். "பெரியவரே, அசையாம நில்லும், போலீஸுக்குப் போன் போடுதோம்." யாரோ ஒரு அம்மா மிருதுளா பக்கத்துல உக்காந்து, "பாப்பா, பயப்படாத, இவரு யாரு உனக்கு?"ன்னு கேட்டா. சொல்லு தாயி. மிருதுளா, சொல்லு. எனக்கு வேர்த்து ஊத்துது. அவ என்னையப் பாத்தா, உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னா, ஒரு வார்த்தை சொல்லலை. அவ கோவம் நியாயம். உலகுக்கும் அப்படித்தான், பொய்ன்னா ஆகாது, பேச மாட்டா, மூணு நாள் பேச மாட்டா. ஞானதிரவியத்துக்காவது ஜங்ஷன்ல நடந்துச்சு. எனக்கு இங்க, இத்தனை கண்ணாடிக்கு நடுவுல, நானே என் வாயால கெடுத்துக்கிட்டேன்.

"அவங்க தாத்தாதான். கையை எடுங்க." சத்தம் எங்கயிருந்து வந்துச்சுன்னு தெரியலை. கூட்டம் விலகுது, துணி போட்டுப் பாக்குற அறை வாசல்ல ஸ்டூல்ல இருந்தாளே, தலையே நிமிராம நூலை இழுத்துக்கிட்டு, அவ. ஊதா நூல் சேலை, கறுத்த முகம், மூக்குக் கண்ணாடி. "அவங்க பேரு அனவரதநாதன். ரிட்டயர்டு ஆபீசர். கே.டி.சி நகர்ல வீடு. இது அவங்க பொண்ணு வயித்துப் புள்ளைக, எனக்குத் தெரியும்." வாட்ச்மேன் கையை விட்டான், ஆனா பச்சைச் சேலைக்காரி விடமாட்டேங்கா, "நீங்க யாரும்மா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"ங்கா. ஆவுடை என் வேட்டியை விட்டுட்டு நேராப் போய் ஊதாச் சேலைக்காரி முழங்காலைக் கட்டிக்கிட்டு, யானைச் சட்டையைத் தூக்கிக் காட்டி, "இது எனக்கு"ன்னான். ஏற்கெனவே பழகின வீட்டுக்குப் போறவன் மாதிரி போனான். என்னலே இது? அப்பதான் மிருதுளா வாயைத் திறந்தா. அழுகையும் கோவமுமா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "இவங்கதான் எங்க தாத்தா. நான் கடிக்க மாட்டேன். தம்பி ஒண்ணுக்கு வந்தா சொல்லிருவான். இந்த ஆண்ட்டியை நாங்க முந்தியே பாத்துட்டோம் தாத்தா, மூணு தடவை பாத்துட்டோம். உங்களைத்தான் இன்னைக்கு அவங்களுக்குக் காட்டணும்னு அப்பா சொன்னாங்க"ன்னா. பச்சைச் சேலைக்காரிக்குக் கொஞ்சம் விளங்கிட்டு போல. "மன்னிச்சிருங்கய்யா, காலம் அப்படிக் கிடக்கு"ன்னு கும்பிட்டா. அக்கா பேத்திக்கு மொட்டை போடுறாகளாம், கவுன் எடுக்க வந்தவளாம். நானும் கும்பிட்டேன். தப்பு அவமேல இல்ல. எங்க கண்ணுக்கு முன்னால புள்ளைகளைக் கொண்டுட்டுப் போயிருவாகளோன்னு ரெண்டு பேருமே பயந்தோம், அவ்வளவுதான்.

கூட்டம் கலைஞ்சிட்டு. கடைப் பொண்ணு எனக்கொரு ஸ்டூலும் ஒரு டம்ளர் தண்ணியும் கொண்டாந்து வச்சா. எதிர்ல ஊதாச் சேலைக்காரி நிக்கா, உக்காரலை. சோதனைக்கு வந்த ஆளு சரக்கை நிமிர்ந்தே பாக்க மாட்டான், அதான் அதுல முதல் பாடம், எத்தனை புது இன்ஸ்பெக்டருக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன், எனக்குத் தெரியாமப் போச்சே. நான் சொன்ன அத்தனை பொய்யையும் இவ கேட்டுக்கிட்டுல்லா இருந்திருக்கா. "வீட்டுக்கே வந்திருக்கலாம்ல"ன்னேன், வேற என்ன சொல்ல. "வீட்டுக்கு வந்தா நீங்க நல்லவிதமாப் பேசி, காப்பி குடுத்து அனுப்பிருவீகளாம். கடையிலதான் உங்க குணம் வெளிய வருமாம். உங்க வீட்டுல அத்தை சொன்னாக"ன்னா. அடி சொர்ணம்! "நான்தான் உங்க மருமகன்கிட்ட கேட்டேன். புள்ளைகளைப் பெத்தவளோட அப்பா இருக்காகல்ல, அவிய என்னையப் பாக்கட்டும், அவிய வேண்டாம்னா நான் வரலைன்னு." பையோட வாரை விரல்ல சுத்துதா, அவுக்கா, மறுபடி சுத்துதா. என்னையப் பாத்துப் பயப்படுதா. இந்த ஊருல என்னையப் பாத்துப் பயந்த கடைசி ஆளு ரிட்டயர் ஆன அன்னைக்கு முந்தின நாள் ஒரு மளிகைக் கடைக்காரன், அது எனக்கு ருசிச்சுது. இது ருசிக்கலை.

"முப்பத்தாறு வயசு எனக்கு"ன்னு அவளே சொன்னா. "பொண்ணு பாத்துட்டுப் போனவிய நாலு பேரு. நாலு பேரும் ஊருக்குப் போய் லெட்டர் போடுதோம்னு சொல்லிட்டுப் போனாக. ஒருத்தரும் போடலை. நீங்க அப்படிச் சொல்லிராதீக. வேண்டாம்னா இங்கனயே சொல்லிருங்க, நான் இப்படியே பஸ் ஏறி அம்பாசமுத்திரம் போயிருவேன்." சொல்லிரலாம். ஒத்தை வார்த்தை. வேண்டாம்னு சொன்னா லிங்கம் மறுபேச்சு பேச மாட்டான், ஞாயித்துக்கிழமை தவறாமப் புள்ளைக என் வீட்டுக்கு வரும், படம் ஹால்லயே இருக்கும், அவன் யூடியூப்பைப் பாத்துச் சடை பின்னிக்கிட்டே கிழவனாவான். நாக்கு நுனிக்கு வந்துட்டு. அதுக்குப் பதிலா, "லிங்கம் வீட்டு ஹால்ல எம் பொண்ணு படம் இருக்கு. அதை எங்க மாட்டுவ?"ன்னு கேட்டுட்டேன். கேக்கணும்னு நினைச்சுக் கேக்கலை, வந்துட்டு. இருக்கிற எடத்துலயே இருக்கும் மாமான்னு அவ உடனே சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன், எந்திரிச்சுப் போயிருப்பேன். அவ அப்படிச் சொல்லலை. "தெரியலை"ன்னா. "தினம் அவங்களைப் பாத்துக்கிட்டே அந்த வீட்டுல நடமாடுதது எனக்குப் பயமாத்தான் இருக்கும். எடுக்க மாட்டேன்னு இப்ப சத்தியம் பண்ண முடியாது. ஆனா எடுக்கணும்னு தோணுச்சுன்னா முதல்ல உங்ககிட்ட வந்து கேப்பேன். நீங்க திட்டுனா மாட்டியே வச்சிருப்பேன்." முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு கடைக்காரன்கூட, சார், என் கல்லு குறையுதோ என்னவோ, நீங்களே பாருங்கன்னு சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துட்டு. மிருதுளா பக்கத்துல வந்தா, ஆனா கையைக் குடுக்கலை, இன்னும் கோவம் தீரலை. "ஏட்டி, தாத்தா சொன்னது அத்தனையும் பொய்யிட்டி, என்னைய மன்னிச்சிரு"ன்னேன். "எல்லாரு முன்னாலயும் சொன்னீங்கள்ல, எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க"ன்னா. கடைப் பொண்ணையும் வாட்ச்மேனையும் கூப்பிட்டுச் சொன்னேன். அவ மூக்குக் கண்ணாடியைக் கழட்டிச் சேலைத் தலைப்பால துடைச்சா, சிரிப்பை மறைக்கா போல, மறைக்கட்டும்.

சட்டைப் பையில போன் அடிச்சுது. லிங்கம். மணி பன்னெண்டே கால். எங்கயாவது ஒரு டீக்கடையில நின்னுக்கிட்டு நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருப்பான், எனக்குத் தெரியாதா அவனை. "மாமா, முடிஞ்சிட்டா? நான் வண்டியை எடுத்துட்டு வரவா?"ங்கான். என்ன முடிஞ்சிட்டான்னு கேக்கான், கேக்கத் தெரியாத பய. என்கிட்ட ஒரு வார்த்தை நேராக் கேட்டிருந்தா என்னன்னு நல்லா ஏசணும்னு இருந்துச்சு, ராத்திரி ஏசிக்கிடலாம், சொர்ணத்தையும் சேத்து. இந்தப் பக்கம் பாத்தேன். அவ ஆவுடைக்கு யானைச் சட்டையை மாட்டி விட்டுக்கிட்டு இருக்கா, பித்தானை மேலருந்து போடாமக் கீழருந்து போடுதா, அப்படிப் போட்டாத்தான் ஏறுக்கு மாறா ஆகாது. மிருதுளா பக்கத்துல நின்னு, "சட்டை பெருசா இருக்கு"ன்னு சட்டம் பேசுதா. "நீ வர வேண்டாம்ல"ன்னேன் போன்ல. "வெயில் ஏறிட்டு, புள்ளைக பசியா இருக்கும். நாங்க நாலு பேரும் எங்கயாவது சாப்பிட்டுட்டு மெதுவா வாரோம்." "நாலு பேரா, மாமா?"ன்னான். "ஆமாலே, நாலு பேரு"ன்னு சொல்லி வச்சேன்.